பத்துக்குப் பதினொன்று அறைக்கு எந்த லென்ஸ்?

சென்னையில் விற்பனைக்கு வரும் சாதாரண டூ பெட்ரூம் ஃபிளாட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஹால் பதினொன்றுக்குப் பதினேழு. பெரிய படுக்கையறை பத்துக்குப் பதினொன்று. கிச்சன் ஏழுக்கு எட்டு, பாத்ரூம் நாலுக்கு ஏழு. இந்த வீட்டை விற்பதற்காகப் படம் எடுக்கப் போகிறவர் முதலில் இடித்துக்கொள்வது பின்சுவரில்தான். கல்யாண மண்டபத்தில் நாலடி பின்னால் நகர்ந்து சமாளிக்கலாம். இங்கே நகர்ந்தால் பீரோ.

அதனால்தான் வீட்டுப் படத்துக்கு லென்ஸ் பற்றிய கேள்வி இவ்வளவு பெரிதாகிறது. முகம் எடுக்கவோ கோயில் விழா எடுக்கவோ எந்த லென்ஸ் இருந்தாலும் ஏதோ ஒரு வழி கண்டுபிடிக்கலாம். பத்தடிச் சுவர் முழுவதும் படத்துக்குள் வர, ஃபுல் ஃப்ரேம் கேமராவில் 50 எம்.எம். லென்ஸை மாட்டினால் ஏறக்குறைய பதினான்கு அடி தள்ளி நிற்க வேண்டும். 35 என்றால் பத்தடிக்குச் சற்றுக் குறைவு. 24 என்றால் ஆறே முக்கால் அடி. 18 என்றால் ஐந்தடி. கணக்கு எளியதுதான்: சுவரின் அகலத்தை லென்ஸின் எம்.எம். எண்ணால் பெருக்கி, சென்சாரின் அகலமான 36-ஆல் வகுத்தால் நிற்க வேண்டிய தூரம் வந்துவிடும். எல்லோரும் ஆசையாக வாங்கி வைத்திருக்கும் 50 எம்.எம். எஃப் 1.8 லென்ஸ் இந்த வேலையில் ஏன் பைக்குள்ளேயே கிடக்கிறது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

சரி, எவ்வளவு அகலம் போதும்? கடைக்காரரைக் கேட்டால் எவ்வளவு அகலமோ அவ்வளவு நல்லது என்பார். அது உண்மையல்ல. ஏன் என்பதை அறையே சொல்லிவிடும். நம் அறைகள் செவ்வகம். மூலை ஒவ்வொன்றும் செங்கோணம், அதாவது 90 டிகிரி. ஒரு மூலையில் முதுகை ஒட்டி நின்று எதிர் மூலையைப் பார்த்தால், இரண்டு தோள்களின் பக்கத்திலும் ஓடும் சுவர்களுக்கு நடுவே முழு அறையும் 90 டிகிரிக்குள் அடங்கிவிடுகிறது. ஃபுல் ஃப்ரேம் கேமராவில் கிடைமட்டமாகச் சரியாக 90 டிகிரி பார்க்கும் லென்ஸ் எது என்று கணக்குப் போட்டால் 18 எம்.எம். என்று வரும். அதற்கு மேல் அகலமான லென்ஸ் மூலையில் நின்று கூடுதலாகக் காட்டப்போவது உங்கள் தோள் பக்கத்துச் சுண்ணாம்பைத்தான். கேமரா மூலையோடு ஒட்டி நிற்காது, ஒரு அடியாவது முன்னால் வரும். அதனால் பக்கத்துச் சுவரில் கொஞ்சம் விடுபடும். விடுபடட்டும். அந்தச் சுவரைப் பார்த்து யாரும் வீடு வாங்குவதில்லை.

கிராப் சென்சார் கேமரா வைத்திருப்பவர்கள் இந்த எண்ணை மாற்றிக்கொள்ள வேண்டும். நிக்கான், சோனி, ஃபியூஜி கிராப் கேமராக்களில் லென்ஸின் எண்ணை 1.5-ஆல் பெருக்க வேண்டும், கேனனில் 1.6-ஆல், மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 2-ஆல். ஃபுல் ஃப்ரேமின் 18, நிக்கான் கிராப்பில் 12. கேனனில் 11. கேமராவோடு வரும் 18-55 லென்ஸின் அகல முனை 27 அல்லது 29-க்குச் சமம். கிடைமட்டமாக 65 டிகிரியைச் சுற்றிப் பார்க்கும். அதை வைத்தே ஹாலையும் பால்கனியையும் எடுத்துவிடலாம். படுக்கையறையில் மூச்சுத் திணறும், கிச்சனில் கைவிடும். புதிய லென்ஸ் வாங்கும் முன் அதில் ஒரு வீட்டை எடுத்துப் பார்ப்பது நல்லது. எந்த அறையில் எத்தனை அடி போதவில்லை என்று தெரிந்த பிறகு கடைக்குப் போகலாம்.

மொபைலில் எடுப்பவர்களுக்கும் இதே கணக்குத்தான். ஐஃபோன் 11 முதல் பெரும்பாலான மாடல்களில் 0.5 என்று வரும் லென்ஸ் ஏறத்தாழ 13 எம்.எம்.-க்குச் சமம். அறைக்குத் தேவையானதைவிட அது அகலம். திரையில் 0.7 வரை கொண்டுவந்தால் 18-ஐ ஒட்டி வந்துவிடும். படத்தின் தரம் கொஞ்சம் குறையும், அறையின் தோற்றம் நிறையத் தேறும்.

அளவுக்கு மீறிய அகலம் என்னதான் செய்கிறது? இரண்டு காரியங்கள் செய்கிறது, இரண்டும் வேறு வேறு. பலர் குழப்பிக்கொள்வதால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

முதலாவது, ஓரத்தில் இருக்கும் பொருளை இழுக்கிறது. நேர்கோட்டை நேர்கோடாகவே காட்டும் எந்த லென்ஸும் இந்த விலையைக் கொடுத்தே ஆக வேண்டும்; மலிவான லென்ஸ் என்பதால் வருவதல்ல. படத்தின் இடது வலது ஓரத்தில் ஒரு பந்தை வைத்தால் 24 எம்.எம்.-இல் அது ஒன்றேகால் மடங்கு நீண்டு தெரியும். 16-இல் ஒன்றரை மடங்கு. 12-இல் 1.8 மடங்கு. வேடிக்கை என்னவென்றால், கேமராவுக்கு நேர் எதிரே இருக்கும் சுவரில் மாட்டிய வட்டக் கடிகாரம் ஓரத்தில் இருந்தாலும் வட்டமாகவே வரும். சுவர் தட்டை, சென்சாரும் தட்டை, இரண்டும் ஒன்றுக்கொன்று இணை. இழுபடுவது கனமுள்ள பொருள்கள்: சாப்பாட்டு மேசை மேலுள்ள தண்ணீர் ஜாடி, சோஃபாவின் கை, வாஷிங் மெஷின், ஓரத்தில் நின்றுவிட்ட வீட்டுக்காரர். ஆகவே அகல லென்ஸில் எடுக்கும்போது ஓரங்களில் சுவரும் திரைச்சீலையும் இருக்கட்டும். உருண்டையான சாமான்களை நடுவை நோக்கி நகர்த்திவிடுங்கள். மணி பிளான்ட் தொட்டிக்கும் இது பொருந்தும்.

இரண்டாவது, அறை ஆழமாகிவிடுகிறது. எதிர்ச்சுவர் எங்கோ ஓடிப்போகிறது, கட்டிலின் இந்தப் பக்கத்து விளிம்பு மட்டும் மேடைபோல முன்னால் நிற்கிறது. இதற்கு லென்ஸைத் திட்டுவார்கள். உண்மையில் காரணம் நிற்கும் இடம். கட்டிலின் கால்மாட்டுக்கு மூன்றடியில் நிற்கிறீர்கள், எதிர்ச்சுவர் பத்தடியில் இருக்கிறது என்றால், ஒரே அளவுள்ள பொருள் அங்கே இருப்பதைவிட இங்கே மூன்று மடங்குக்கு மேல் பெரிதாகத் தெரியும். கதவைத் திறந்து வெளியே நடையில் நாலடி தள்ளி நின்றால் ஏழுக்குப் பதினான்கு. இரண்டு மடங்கோடு நின்றுவிடும். லென்ஸ் செய்வதெல்லாம், நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து தெரிவதில் எவ்வளவை வெட்டி எடுப்பது என்பது மட்டுமே. எனவே முதலில் எவ்வளவு பின்னால் போக முடியுமோ அவ்வளவு போக வேண்டும்: கதவுக்கு வெளியே, பால்கனிக்கு, சில வீடுகளில் பாத்ரூம் வாசலுக்கு. அதன் பிறகு ஜூமைத் திருப்பி, தேவையற்றது வெளியே போகும்வரை குறுக்க வேண்டும். அகல முனையில் லென்ஸை வைத்துவிட்டு அறைக்குள் நுழைபவர்தான் பத்தடி அறையைக் கிரிக்கெட் மைதானமாக்குகிறார்.

மைதானமாக்கினால் என்ன, விற்றால் சரிதானே என்று கேட்கும் புரோக்கர்கள் உண்டு. படத்தைப் பார்த்து ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வருகிறவர் வாசலில் செருப்பைக் கழற்றியதும் சொல்லும் முதல் வார்த்தை, “படத்துல பெருசா இருந்துச்சே” என்பதுதான். அதற்குப் பிறகு சமையலறை கிரானைட்டைப் பற்றி எவ்வளவு பேசினாலும் அவர் மனதில் விலை இறங்கிக்கொண்டே இருக்கும். கட்டுநர்களுக்கு இன்னொரு கவலையும் இருக்க வேண்டும். 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தில் 12-ஆம் பிரிவு, விளம்பரத்திலோ மாதிரி வீட்டிலோ இருந்த தவறான தகவலை நம்பிப் பணம் கட்டி நஷ்டப்பட்டவருக்குக் கட்டுநர் இழப்பீடு தர வேண்டும் என்கிறது. லென்ஸின் எம்.எம். பற்றி அந்தப் பிரிவு பேசவில்லை. ஆனால் கார்ப்பெட் ஏரியா எண்ணோடு சேர்த்து அச்சிடப்படும் படம் அந்த எண்ணோடு சண்டை போடாமல் இருப்பது எல்லோருக்கும் நல்லது.

என் கணிப்பில், ஒரு ஃபிளாட்டின் படங்களில் பெரும்பாலானவை ஃபுல் ஃப்ரேம் கணக்கில் 20 முதல் 28 வரை எடுக்கப்பட வேண்டியவை. 16-18 என்பது கிச்சனுக்கும் பாத்ரூமுக்கும் சின்ன பூஜை அறைக்கும். மூன்று சுவர்களைக் காட்டும் படத்தைவிட இரண்டு சுவர்களையும் ஒரு ஜன்னலையும் காட்டும் படமே அறையை நன்றாகப் புரியவைக்கிறது. மூன்றாவது சுவர் வந்ததும் அறை பெட்டியாகிவிடும். நாலுக்கு ஏழு பாத்ரூமில் கதவு குறுகிய பக்கத்தில் இருந்தால் வாசலில் நின்று கேமராவை நிமிர்த்திப் பிடித்து எடுக்கலாம். கதவு நீண்ட பக்கத்தில் இருந்தால் எந்த லென்ஸும் முழுதாகக் காப்பாற்றாது. வாஷ்பேசினையும் புது டைல்ஸையும் தனியாக எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடலாம்.

நிமிர்த்திப் பிடிப்பது பற்றி ஒன்று. இப்போதெல்லாம் ரீல்ஸுக்காக நிமிர்ந்த படங்களும் கேட்கிறார்கள். கேமராவை நிமிர்த்தினால் சென்சாரின் 24 மில்லிமீட்டர் பக்கம் அகலமாகிவிடும். அப்போது 16 எம்.எம். லென்ஸ் பக்கவாட்டில் பார்ப்பது, படுத்த நிலையில் 24 பார்ப்பதற்குச் சரியாகச் சமம். 16-ஐ நிமிர்ந்த படத்துக்காகவே வைத்துக்கொள்கிறேன் என்று ஒருவர் சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது.

பெரிய இடம் என்றால் கதை தலைகீழ். முற்றம் வைத்த பழைய வீடு, காரைக்குடிப் பக்கத்து வீடுகளின் தூண் வரிசை, தோப்புக்கு நடுவே கட்டிய பண்ணை வீடு ஆகியவற்றை 16-இல் எடுத்தால் பின்னாலிருக்கும் தூண்கள் தீப்பெட்டிக் குச்சிகளாகிவிடும். இந்த வீடுகளில் பின்னால் போக இடம் இருக்கிறது. 35, ஏன் 50-கூடப் போதும். பின் தூண் முன் தூணோடு சேர்ந்து நிற்கும்போதுதான் அந்த வீட்டின் கனம் தெரியும். கதவு வேலைப்பாடு, ஆத்தங்குடிக் கல் போன்றவற்றுக்கும் அதே 50 போதும். பைக்குள் கிடந்த லென்ஸுக்கு இங்கே வேலை வந்துவிடுகிறது.

இனி வீட்டின் முகப்பு. பில்டர்கள் மொழியில் எலிவேஷன். கார் பார்க்கிங்கும் மூன்று மாடியும் கொண்ட கட்டடம் சுமார் நாற்பதடி உயரம். எதிரே நிற்கக் கிடைப்பது முப்பதடி. கேமராவை மேல்நோக்கிச் சாய்த்தால் கட்டடம் பின்னால் மல்லாந்துவிடும். இரண்டு பக்கத்துச் செங்குத்துக் கோடுகளும் மேலே ஒன்றையொன்று நோக்கிச் சாயும். சாய்க்காமல் நேராக வைத்துக் கேமராவை நிமிர்த்தி எடுத்தால் உச்சி வரை வருவதற்கு 15 எம்.எம். லென்ஸ் வேண்டும். அதிலும் படத்தின் கீழ்ப்பாதி பெரும்பாலும் தார்ச்சாலையும் பக்கத்து வீட்டு ஸ்கூட்டரும்தான். பிறகு வெட்ட வேண்டும்.

இதற்காகவே ஷிஃப்ட் லென்ஸ் இருக்கிறது. பழைய பெல்லோஸ் கேமராக்களில் லென்ஸ் பலகையை மட்டும் மேலே ஏற்ற முடியும். கேமரா சாயாது, காட்சி மட்டும் மேலே நகரும். அந்த வசதியை 35 எம்.எம். கேமராவுக்குக் கொண்டுவந்தது நிக்கான், 1962-இல், பி.சி. நிக்கோர் 35 எம்.எம். லென்ஸில். இன்றைய கேனன் டி.எஸ்.-இ 17, டி.எஸ்.-இ 24 இரண்டும் 12 மில்லிமீட்டர் வரை நகரும். சென்சாருக்குத் தேவையானதைவிடப் பெரிய வட்டமாக, 67.2 மில்லிமீட்டர் அகலத்துக்கு, அவை பிம்பத்தை விழவைக்கின்றன. அந்த வட்டத்துக்குள் சென்சாருக்கு எந்தப் பகுதி வேண்டுமோ அதை நாம் தேர்ந்தெடுத்துக்கொள்கிறோம். மேலே சொன்ன அதே முப்பதடியில், நாற்பதடிக் கட்டடத்துக்கு நிமிர்த்திய கேமராவில் 24 எம்.எம். ஷிஃப்ட் லென்ஸ் போதும். தார்ச்சாலையும் பெரும்பகுதி கழன்றுவிடும். நிக்கானில் 19 எம்.எம். பி.சி. உண்டு. லாவோவா 15 எம்.எம். ஷிஃப்ட் இவற்றைவிட விலை குறைவு. இவை எல்லாவற்றிலும் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். நகராத வீட்டுக்கு அது ஒரு குறையே அல்ல. ஆனால் இவற்றில் எதுவும் முதல் லென்ஸாக வாங்கத்தக்கதல்ல. வில்லா புராஜெக்ட் கிடைத்தால் ஒருநாள் வாடகைக்கு எடுக்கலாம்.

காசில்லாத வழி ஒன்றும் இருக்கிறது: எதிர்வீட்டு மொட்டை மாடி. அந்த வீட்டு அம்மாவிடம் அனுமதி கேட்டு முதல் மாடி உயரத்துக்கு, சுமார் இருபதடிக்கு, ஏறிவிட்டால் கேமரா கட்டடத்தின் நடு உயரத்துக்கு வந்துவிடும். இனிச் சாய்க்கத் தேவையில்லை. சாதாரண 18-இல் படுத்த நிலையிலேயே அடி முதல் உச்சி வரை கிடைக்கும். மின்கம்பிகள் குறுக்கே வரும், அதற்கு லென்ஸ் பொறுப்பல்ல.

வீட்டுக்குள்ளும் கேமரா சாயக் கூடாது என்பதே விதி. நாலடி உயரத்தில் டிரைபாட், கேமராவுக்குள் இருக்கும் மட்டக் கோடு இரண்டு பக்கமும் பச்சை. கிச்சனில் மட்டும் மேடையின் மேற்பரப்பு கொஞ்சம் தெரியும் உயரம். கண் உயரத்தில் வைத்தால் நம் வீடுகளில் படத்தின் மேல்பாதியை லாஃப்ட்டும் மின்விசிறியும் பிடித்துக்கொள்ளும். விசிறியை நிறுத்திவிடுங்கள், நீண்ட எக்ஸ்போஷரில் அது ஒரு மங்கலான தட்டாகிவிடும்.

டிரைபாட் வந்துவிட்டதால் ஒரு பெரிய செலவு மிச்சமாகிறது. எஃப் 2.8 லென்ஸுக்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை. இருட்டில் ஆடும் மணப்பெண்ணை எடுப்பவருக்கு அது தேவை. அறை ஆடாது. எஃப் 8, ஐ.எஸ்.ஓ. 100, ஷட்டர் அரை நொடியோ இரண்டு நொடியோ எவ்வளவு வேண்டுமானாலும் திறந்திருக்கட்டும். 16 எம்.எம்.-இல் எஃப் 8 வைத்து மூன்றரை அடியில் ஃபோகஸ் செய்தால் ஒன்றே முக்கால் அடியிலிருந்து கண்ணுக்கு எட்டும் தூரம் வரை எல்லாம் தெளிவு. கிராப் கேமராவில் 10 எம்.எம். என்றால் இரண்டடியில் ஃபோகஸ் செய்தாலே போதும். இந்த நிலையில் எஃப் 4 லென்ஸுக்கும் எஃப் 2.8 லென்ஸுக்கும் படத்தில் வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினம். எடையிலும் பில்லிலும் உடனே தெரியும்.

அந்தப் பணத்தில் பார்க்க வேண்டிய குணம் வேறு: எதிர் வெளிச்சத்தைத் தாங்கும் திறன். நம் வெயிலில் பகல் பதினொரு மணி ஜன்னல் என்பது அறைக்குள் மாட்டிய டியூப்லைட்டைவிடப் பல மடங்கு வெளிச்சம். ஜன்னலையும் அறையையும் ஒரே எக்ஸ்போஷரில் பிடிக்க முடியாமல் இரண்டு மூன்று படங்கள் எடுத்துச் சேர்ப்பார்கள். லென்ஸின் பூச்சு சரியில்லை என்றால் ஜன்னலைச் சுற்றிப் பால் கொட்டியதுபோல வெண்மை பரவும், கிரில் கம்பிகள் கரைந்துபோகும். சேர்த்து ஒட்டினாலும் அது போகாது. பாதுகாப்புக்கு என்று மாட்டிய மலிவு யு.வி. ஃபில்டர் இதைக் கூட்டும். எல்.இ.டி. பல்புகளின் பேய்ப் பிம்பங்கள் படத்தின் எதிர்ப்பக்கத்தில் பச்சைப் புள்ளிகளாக வரும். வீட்டுக்குள் எடுக்கும்போது ஃபில்டரைக் கழற்றிவிடுவதே உத்தமம், முன்கண்ணாடியைத் துடைப்பது அதைவிட உத்தமம்.

கோடு வளைவது அடுத்தது. அகல முனையில் கதவு நிலைகள் வெளிப்பக்கம் தொப்பை போடும். மென்பொருளில் அந்த லென்ஸின் புரொஃபைலைத் தேர்ந்தால் நிமிர்ந்துவிடும். புதிய மிரர்லெஸ் லென்ஸ்கள் சில இந்தத் திருத்தத்தை நம்பியே வடிவமைக்கப்பட்டவை, கேனனின் ஆர்.எஃப். 16 எம்.எம். எஃப் 2.8 அப்படி ஒன்று. திருத்தாத படத்தைப் பார்த்தால் பயமாக இருக்கும், திருத்தியபின் ஓரங்களில் கொஞ்சம் கூர்மை போகும். பத்திரிகை விளம்பரத்தில் தெரியாது, பெரிய ஃபிளெக்ஸ் அடித்தால் தெரியலாம். மீன்கண் லென்ஸ் வேண்டவே வேண்டாம். அது வீட்டைச் சுற்றிக் காட்டும் 360 டிகிரி படங்களுக்கு உரியது.

பெயர் சொல்லிக் கேட்பவர்களுக்கு: கேனன் கிராப் டி.எஸ்.எல்.ஆர். என்றால் இ.எஃப்-எஸ் 10-18. பிளாஸ்டிக் உடம்பு, 240 கிராம், படம் விலையை மீறிய தரம். கேனன் மிரர்லெஸ் கிராப்புக்கு 2023-இல் வந்த ஆர்.எஃப்-எஸ் 10-18. நிக்கான் டி.எஸ்.எல்.ஆர். கிராப்பில் ஏ.எஃப்-பி 10-20 சிறப்பு. ஆனால் டி 3200, டி 5100, டி 7000 போன்ற பழைய கேமராக்களில் அது ஃபோகஸே ஆகாது, மாட்டிப் பார்க்காமல் வாங்கக் கூடாது. இசட் வரிசை கிராப்புக்கு 12-28. அகல முனை நம் 18-இல் வந்து நிற்கிறது. சோனி கிராப்புக்கு 10-18 எஃப் 4. ஃபுல் ஃப்ரேமில் 16-35 எஃப் 4 வகையே பொது விடை: கேனனின் இ.எஃப். 16-35 எஃப் 4, சோனியின் 16-35 எஃப் 4, நிக்கான் இசட்டில் 14-30 எஃப் 4. சோனிக்காரர்கள் டாம்ரான் 17-28-ஐயும் பார்க்கலாம். 12-24 வகை எதையும் இந்த வேலைக்காக மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன். 12 கையில் இருந்தால் 12-ஐப் பயன்படுத்தத் தோன்றும்.

இவற்றில் பல இப்போது செகண்ட் ஹேண்டில் நல்ல விலைக்குக் கிடைக்கின்றன, மிரர்லெஸுக்கு மாறியவர்கள் விற்பதால். வாங்கும் முன் கடையிலேயே சோதிக்கலாம். அகல முனை, எஃப் 8, டிரைபாட் இல்லாவிட்டால் மேசைமேல் கேமரா. நேர் எதிரே செங்கல் சுவரோ டைல்ஸ் சுவரோ இருந்தால் நல்லது. படத்தைப் பெரிதாக்கி நான்கு மூலைகளையும் பாருங்கள். நான்கும் ஒரே அளவு மங்கல் என்றால் அது லென்ஸின் சுபாவம். மூன்று தெளிவாக, ஒன்று மட்டும் கலங்கியிருந்தால் எங்கோ விழுந்து உள்ளே கண்ணாடி நகர்ந்திருக்கிறது. லென்ஸைக் காதருகே வைத்து ஆட்டுவதால் இது தெரியாது. பிறகு மொபைல் டார்ச்சை ஒரு முனையில் பிடித்து மறுமுனை வழியாகப் பாருங்கள். நம் கடலோரக் காற்றில் லென்ஸுக்குள் பூஞ்சை சிலந்தி வலைபோலப் பிடிக்கும். நாலைந்து தூசிக்குப் பயப்பட வேண்டாம். வலை இருந்தால், எவ்வளவு தள்ளுபடி சொன்னாலும், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.